மந்திரப் பொருள் விதிக்கு உரை காணுமாறு

விதி உள்ள இடந்தோறும் அதற்கு உரை காணும் தொழிலும் உளதாகும். எழுதினோர் ஒன்றை எண்ணி எழுதுவர். படிப்போர் தத்தம் நிலையில் நின்று அதனைப் படிப்பர். எழுதினோர் கனவினுங் கருதாத ஒரு நிகழ்ச்சி நேருங்கால், இருவர்க்கும் இடையே நின்று பொருள் துணிவார் ஒருவர் வேண்டப்படுவர். அறமன்றத்தில் அவரை நீதிபதி என்கின்றோம். நூலரங்கில் உரையாசிரியர் என்கின்றோம். விளையாட்டில் நடுவர் என்கின்றோம். 'விளையாட்டுத்தானே, இதில் ஆராய்ச்சி யாது?' என வாசகருட் சிலர் நகைத்தலுங் கூடும். ஆயினும் நடுநிலை என்னும் குணம் உயர்ந்த பீடங்களில் ஏறிய அன்று திடீரெனத் தோன்றுவதன்று. நண்பர் நால்வர் கூடியிருக்கும் ஒரு சிறு மேசையில் பழகாத நடுநிலை, பெரிய இடங்களில் வந்து உதவுதல் அரிது. ஆதலின், நம் இளைஞருட் சிலரும் விரும்பிப் பயிலும் ஓர் ஆட்டத்தில் நாடோறும் எழும் ஒரு வழக்கினை எடுத்து, அதன்கண் எம் கருத்தினை உரைக்கப் புகுகின்றோம்.

அவ்வாட்டம் அமெரிக்க நாட்டில் தோன்றியது. 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். 'நிலவறைகளும் பறவைநாகங்களும்' எனத் தமிழிற் கூறலாம். விஸ்கான்சின் மாகாணத்து லேக் ஜெனீவா என்னும் ஊரினரான கேரி கைகாக்ஸ், மினசோட்டா மாகாணத்தவரான டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் இயற்றிய இது, 1974-ஆம் ஆண்டில் மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக முதன்முறை ஆயிரம் படிகள் வெளிவந்தது. இதற்குச் சதுரங்கப் பலகை போன்றதொன்று வேண்டுவதில்லை. ஒருவர் நடுவராக அமர்ந்து கற்பனை உலகொன்றை வாயினாற் சொல்லி விரிப்பர். ஏனையோர் ஒவ்வொருவரும் அவ்வுலகில் ஒரு வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, கள்வனாகவோ நின்று 'யான் இன்னது செய்கின்றேன்' என உரைப்பர். முடிவு ஐயத்துக்கு இடமாயின் பகடை உருளும். இங்ஙனம் ஒரு கதை, ஆடுவோர் அனைவராலும் கூடிப் புனையப்பட்டுத் திங்கட் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் தொடர்ந்து செல்லும்.

அக்கதையிற் புதையலாகவும் பரிசாகவும் கிடைப்பன மந்திரப் பொருள்கள். வாள், மோதிரம், பை, குடுவை, கையுறை எனப் பலவாகிய இவை நூற்றுக்கணக்கின. ஒவ்வொன்றற்கும் நூலில் ஒரு விதி உண்டு. அது பெரும்பாலும் ஒரு பத்தியளவினதே. ஓடுதல், தாவுதல், வாள் வீசுதல் முதலியவற்றுக்கு உரிய விதிகள் உலகம் இயங்கும் முறைமையைக் கூறுவன. மந்திரப் பொருளின் விதியோ அம்முறைமைக்கு விலக்கு. ஒரு பத்தியளவில் எழுதிய விலக்கு ஒன்று, மற்றொரு விலக்கோடு சேருங்கால் என்ன நிகழும் என்பதை எழுதினோரும் முற்ற எண்ணியிருத்தல் இயலாது. ஆகவே இவ்வாட்டத்து வழக்குகளிற் பெரும்பகுதி மந்திரப் பொருளைப் பற்றியே எழுகின்றது.

அவ்வழக்குகள் அற்பமானவையும் அல்ல. ஆறு திங்கள் ஆடி, பல இடர் கடந்து ஒருவன் பெற்ற பொருளை, 'அஃது இங்கே செல்லாது' என நடுவர் ஒரு சொல்லாற் பயனற்றதாக்கினால், அவனுக்கு இழப்பு அப்பொருள் மட்டுமன்று. அம்மேசையின்மேல் வைத்த நம்பிக்கையும் போகின்றது. மறுபுறம், சொல்வன்மையுடைய ஒருவன் விதியின் ஓர் எழுத்தைப் பற்றிக்கொண்டு எல்லாப் பகையையும் ஒரே பொருளால் வீழ்த்துவானாயின், வாய் திறவாத ஏனை மூவரும் ஆட்டத்தில் வெறும் பார்வையாளராகின்றனர். இவ்விரண்டு வகையாலும் கலைந்த கூட்டங்கள் பல. நட்பைக் காக்கும் உரை யாது, கெடுக்கும் உரை யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வழக்கு இவ்வாட்டத்தினும் பழமையானது. 1824-இல் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரிகளுள் ஒருவரான ரைஸ்விட்ஸ் என்பார், போர்ப் பயிற்சிக்கென ஓர் ஆட்டத்தை வகுத்து வெளியிட்டார். அதில் படை நடக்கும் தொலைவு, துப்பாக்கியால் விளையும் சேதம் யாவும் அட்டவணைகளால் வரையறுக்கப்பட்டன. நடுவர் அட்டவணைப்படி கணக்கிட்டுச் சொல்லுவர். காலஞ் செல்லச் செல்ல அக்கணக்கு ஆட்டத்தையே விழுங்கிற்று. 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்னும் மற்றொரு படை அதிகாரி அட்டவணைகளைக் கைவிட்டு, போர் அறிந்த நடுவரின் அறிவுக்கே தீர்ப்பை விடுதல் வேண்டும் என்றார். முன்னது கட்டுடை ஆட்டம் எனவும், பின்னது கட்டற்ற ஆட்டம் எனவும் பிரிந்தன. நிலவறை ஆட்டமும் போராட்ட மேசைகளினின்றே கிளைத்தது. ஆதலின் இவ்விரு கட்சிகளையும் பிறப்போடே பெற்றது எனலாம். இன்று ஒரு மாணவன் 'நூலில் இவ்வாறு உளது' என்று சொல்ல, நடுவர் 'என் மேசையில் இவ்வாறு' என்று மறுமொழி கூறுங்கால், பழைய பிரஷ்ய வழக்கே மீண்டும் எழுகின்றது.

விதி நூல் யார் கையில் உளது என்பதும் உரையை மாற்றுகின்றது. 1979-இல் வெளிவந்த நடுவர் கையேட்டில் மந்திரப் பொருள்களின் விதிகள் நடுவர் ஒருவர்க்கே உரியனவாக வைக்கப்பட்டன. ஆடுவோர் அந்நூலைத் தம்மிடம் வைத்திருத்தல் தகாது என அதன் முன்னுரை கடிந்து கூறிற்று. அந்நாளில் ஒரு கோல் கிடைத்தால், அதன் இயல்பை ஆடுவோர் முயன்று முயன்றே அறிதல் வேண்டும். அந்நூலின் முடிவில் ஆசிரியர், விதியின் எழுத்தினும் ஆட்டத்தின் உயிர்க்கருத்தே பெரிது என்னும் கருத்தைக் கூறி நிறுத்தினார். 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்போ, பொருள்தோறும் பொன் விலையும் ஆக்கும் முறையும் கூறிற்று. 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் மந்திரப் பொருள்கள் ஆடுவோர் கையேட்டிலேயே இடம்பெற்றன. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அவை மீண்டும் நடுவர் கையேட்டுக்கே சென்றன. மறைவாய் இருந்த விதிக்கு நடுவரே உரை, நடுவரே நூல். யாவரும் படிக்கும் விதிக்கோ நடுவரும் கட்டுப்பட்டவராகின்றார். இன்று நூல் எவர்க்கும் எளிதிற் கிடைப்பதொன்றாதலின், 'யான் சொன்னதே விதி' என்னும் பழைய நிலை நிற்கமாட்டாது. நடுவர் தம் தீர்ப்புக்குக் காரணங் காட்ட வேண்டியவரே. அக்காரணங்கள் எவ்வரிசையில் அமைதல் வேண்டும் என்பதை இனிக் காண்போம்.

முதலாவது, விதியின் சொற்களை உள்ளவாறு படித்தல். எளிதெனத் தோன்றும் இதுவே பெரும்பாலும் செய்யப்படாதது. இராக்கதர் வலிமைக் கையுறை என்றொரு பொருள் உண்டு. ஐந்தாம் பதிப்பின்படி அதனை அணிந்தவனுடைய வலிமை எண் 19 ஆகும். '19 ஆகும்' என்பது விதி. 'இத்துணை கூடும்' என்பதன்று. எட்டு உடைய மெலியான் அணியின் 19 ஆவான். இருபது உடைய மல்லன் அணியின் யாதொரு பயனும் பெறான். மல்லனாக ஆடுவோன், 'வலிமை தரும் கையுறை எனக்கு மட்டும் தாராதோ?' என முறையிடுவது இயல்பே. ஆயினும் அவ்விதி வலியார்க்கு வலிமை கூட்ட எழுந்ததன்று, மெலியாரை உயர்த்த எழுந்தது என்பதை அச்சொல்லே காட்டுகின்றது. சொல்லைக் கூர்ந்து படித்த அளவில் நோக்கமும் உடன் விளங்குதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது, பெயர் விதியாகாது என்பது. அசையாக் கோல் எனப்படும் இரும்புத் தண்டொன்று உளது. அதன் ஒரு முனையில் உள்ள பொத்தானை அழுத்தினால், நின்ற இடத்திலேயே, அந்தரத்திலாயினும், அது நிலைபெற்று நிற்கும். 'அசையா' என்ற பெயரைக் கண்டு, மலையே விழினும் இது தாங்கும் என்பார் உளர். விதியோ 8,000 இராத்தல் எடை வரையிலுமே தாங்கும் என்கின்றது. அதற்கு மேற்படின் கோல் தன் நிலையை இழந்து விழும். பகடையில் முப்பது என்னும் அரிய எண்ணை எட்டும் வலியான் அதனைப் பத்தடி வரை தள்ளவுங் கூடும். பெயர், பொருளை விற்கும் வணிகன் கூவும் குரல்; விதி, அவன் எழுதிக் கொடுத்த சீட்டு. வழக்கில் செல்லுவது சீட்டே.

இரண்டாவது, பொதுவிதியும் சிறப்புவிதியும் முரணுங்கால் சிறப்புவிதியே வெல்லும் என்பது. இலக்கணம் பயின்ற நம் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஐந்தாம் பதிப்பின் ஆடுவோர் கையேடும் தன் முகப்பிலேயே இதனை வெளிப்படக் கூறுகின்றது. ஆற்றல் மிக்க பொருள்கள் பல, அணிவோனோடு 'இசைவு' பெற்றாலன்றிப் பயன் தாரா. ஒருவன் ஒரு காலத்தில் மூன்று பொருள்களோடு மட்டுமே இசைவு பெறலாம். இது பொதுவிதி. மந்திரக் கருவி செய்யும் கம்மியர் என்னும் வகுப்பினர்க்கோ, அவர் உயர்நிலை எய்துந்தோறும் நான்கும் ஐந்தும் ஆறும் ஆகலாம் என 2019, 2020-ஆம் ஆண்டு நூல்கள் கூறின. இது சிறப்பு. இதனால், 'கம்மியனுக்கு ஆறு உண்டெனில் எனக்கு நான்கு ஏன் ஆகாது?' என்னும் வழக்கு எழாது. விலக்கு, தான் கூறப்பட்ட இடத்தை விட்டு வெளியே நடவாது.

மூன்றாவதே அரியது: விதி வாய் மூடியிருக்கும் இடம். ஆட்டத்தின் பெருஞ் சண்டைகள் யாவும் இங்கேதான் நிகழ்கின்றன. 'கூறாதது கூடாதது' என்பார் ஒரு சாரார். 'தடுக்காதது தகும்' என்பார் மற்றொரு சாரார். எம் கருத்து இரண்டும் பிழையென்பது. மந்திரப் பொருளுக்கு இரு உடம்பு உண்டு. ஒன்று, நூலில் எழுதப்பட்ட விதி. மற்றொன்று, கதையுலகில் கையாற் பிடிக்கப்படும் பண்டம். மந்திரத்தால் அது செய்யக்கூடியது விதி கூறிய அளவே. பண்டமாக அது செய்யக்கூடியதோ, அத்தகைய பண்டம் எதுவும் செய்யக்கூடிய அளவு. அசையாக் கோலைக் கொண்டு கதவினைத் தாழிடலாமா எனின், விதி அதைக் கூறவில்லை, ஆயினும் இடத்தில் நிலைத்த இரும்புத் தண்டு கதவைத் தடுத்தல் பண்டத்தின் இயல்பே, ஆகவே தகும். அக்கோலை எறிந்தால் பகைவனைத் தேடிச் சென்று குத்துமா எனின், அது புதியதொரு மந்திரம், விதியிலும் இல்லை, பண்டத்திலும் இல்லை, ஆகவே தகாது.

இம்முறையை வற்றாக் குடுவையில் வைத்துப் பார்ப்போம். அதன் மூடியைத் திறந்து ஏவற்சொல் கூறினால் நீர் பெருகும். மிகப் பெரிய பெருக்கு ஒரு முறைக்கு முப்பது காலன். ஒரு முறை என்பது ஆறு விநாடி கொண்ட ஒரு சுற்று. இதனைக் கண்ட ஒருவன், 'பகைவர் பதுங்கிய நிலவறையை நீரால் நிரப்பி அவரை மூழ்கடிப்பேன்' என்கின்றான். நடுவர் திகைத்து, 'அது முடியாது' எனத் தடுத்துவிடுதல் எளிது. ஆனால் காரணம் யாது? நீர் தாழ்ந்த இடத்தில் தேங்குதல் இயற்கை. ஆதலின் மறுத்தல் முறையன்று, கணக்கிடுதலே முறை. நிமிடத்துக்கு 300 காலன், மணிக்கு 18,000. முப்பதடி நீளமும் முப்பதடி அகலமும் பத்தடி உயரமும் உடைய அறையின் கொள்ளளவு 9,000 கன அடி. கன அடி ஒன்று அமெரிக்க அளவில் ஏறத்தாழ ஏழரைக் காலன். ஆகவே அவ்வறை நிரம்ப ஏறக்குறைய மூன்றேமுக்கால் மணி நேரம் ஆகும். அதுவும் நீர் எப்பிளவிலும் கசியாதாயின். அத்துணை நேரமும் ஒருவன் சுற்றுதோறும் ஏவற்சொல் கூறி நிற்றல் வேண்டும். பகைவர் அதுவரை உறங்கியிருத்தலும் வேண்டும். இங்கே நடுவர் ஒன்றையும் மறுக்கவில்லை; விதியையும் உலகியற்கையையும் இணைத்துக் காட்டினார்; துணிவது ஆடுவோன் கையில் விடப்பட்டது. 'முடியாது' என்ற சொல்லைக் காட்டிலும் 'மூன்றேமுக்கால் மணி' என்ற சொல் எத்துணை நேர்மையுடையது என்பதை அன்பர் உணர்வாராக.

விதியின் மௌனத்தை நிரப்புங்கால், பொருளைப் பயனற்றதாக்கும் உரையை விலக்குதல் வேண்டும். அசையாக் கோல் எதனை நோக்க அசையாதது என்று நூல் கூறவில்லை. வானியல் கற்ற ஒருவன், 'நிலவுலகம் சுழல்கின்றதே. கோல் உண்மையில் அசையாதாயின் அழுத்திய கணமே அது மேற்றிசை நோக்கிப் பறந்து செல்லுமே' என்பான். நம் நிலவுலகின் நடுக்கோட்டில் அச்சுழற்சியின் விரைவு மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர். அவ்வுரையை ஏற்பின் கோல் கோலாகாது, பீரங்கிக் குண்டாகும். அதனை எழுதினோர் கருதியிருத்தல் இயலாது. ஆகவே தரையை நோக்க அசையாதது என்று கொள்வதே அமைவுடைத்து. ஆயின் ஓடுகின்ற கப்பலின் மேற்றளத்தில் அழுத்தினால்? கப்பலோடு செல்லும் எனினும், கப்பலினின்று பின்தங்கி நிற்கும் எனினும், இரண்டு உரையிலும் கோல் பயனுடையதே. ஈண்டு நடுவர் தாம் விரும்பிய ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒரு முறை தேர்ந்தது என்றும் அதுவாகவே இருத்தல் வேண்டும். இன்று கப்பலோடு சென்ற கோல் நாளைப் பின்தங்குமாயின், அது கோலின் குற்றமன்று, நடுவரின் குற்றம்.

இனி, எழுத்தைக் கொண்டே விதியை வளைக்கும் திறமைக்கு வருவோம். கொள்பை என்பது வெளியே சிறிதாய், உள்ளே 500 இராத்தலும் 64 கன அடியும் கொள்ளும் ஒரு பை. எவ்வளவு நிரப்பினும் அதன் எடை 2014-ஆம் ஆண்டு நூலின்படி 15 இராத்தலே. விரித்தால் பத்தடி ஆழக் குழியாகும் கருந்துணி மற்றொரு பொருள். பையினைக் குழிக்குள் வைத்தால் இரண்டும் அழிந்து, சூக்கும உலகத்துக்கு ஒரு வாயில் திறந்து, பத்தடிக்குள் நின்ற யாவரையும் இழுத்துக்கொள்ளும் என்பது விதி. இஃது அசட்டையாய் இருப்பார்க்கு ஓர் எச்சரிக்கையாக எழுதப்பட்டது என்பது படித்த அளவில் தோன்றும். ஆடுவோர் சிலரோ, இவ்விரண்டையும் அம்பு முனையிற் பொருத்தி, பட்ட மாத்திரத்தில் ஒன்று மற்றொன்றனுள் புகுமாறு செய்து, எத்தகைய பகையையும் ஒரே எய்தலில் உலகை விட்டு அகற்றுவோம் என்பர். அறிவு நுட்பத்தைப் பாராட்டுவோம். தீர்ப்பு யாது?

இத்தகைய இடத்துக்கு யாம் ஒரே ஓர் உரைகல்லைக் காட்டுவோம்: கேட்கும் உரையைப் பகைவர்க்கும் அளிக்க நீ இசைவையா? அம்பின் முனையில் பையும் குழியும் கூடும் என்றால், அடுத்த நிலவறையில் ஒரு குறும்பூதம் அதே அம்பை உன் தோழன்மேல் எய்யும். அவனும் பகடை உருட்ட வாய்ப்பின்றி மறைவான். இதற்கு மேசையோர் யாவரும் இசைவராயின், அவ்வுலகம் அத்தகைய உலகமாகுக. தடை சொல்ல எமக்கு உரிமையில்லை. இசையாராயின், அவ்வுரை தனக்கொரு நீதி பிறர்க்கொரு நீதி என்பதாய் முடிந்தது, அதனைத் தள்ளுக. இவ்வுரைகல் ஆடுவோர்க்கு மட்டுமன்று, நடுவர்க்கும் பொருந்தும். தம் பூதத்தின் கையில் இருந்தபோது கூர்மையாயிருந்த வாள், வீரன் கையில் வந்த அன்றே மழுங்கிற்று எனச் சொல்லும் நடுவர், நடுவர் என்னும் பெயர்க்கு உரியரல்லர்.

வரந் தரும் பொருள்களில் இவ்வுண்மை இன்னும் தெளிவாம். மூன்று வரங்களின் மோதிரத்தை அணிந்தவன் விரும்பியதைக் கூறலாம். ஆயின் விருப்பம் பெரிதாகுந்தோறும் அது பிழைபடும் வாய்ப்பும் பெரிதாகும் என ஐந்தாம் பதிப்பு எச்சரிக்கின்றது. பகைவன் இறந்தொழிய வேண்டும் என்றவனை, அப்பகைவன் மூப்பால் இறந்துவிட்ட பிற்காலத்துக்கே தூக்கி எறியலாம் என்பது போன்ற எடுத்துக்காட்டும் அந்நூல் தருகின்றது. இரணியன் கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று. மனிதராலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், அகத்தும் புறத்தும், எவ்வகைப் படையாலும் சாவு வேண்டா எனச் சட்ட வல்லுநர் போல அவன் வரம் எழுதிக்கொண்டான். அவ்வரத்தின் ஓரெழுத்தும் மீறப்படாமலே, அந்தி வேளையில், வாயிற்படியில், நகத்தால் அவன் முடிவு நேர்ந்தது. கதை நமக்கு இனிக்கின்றது, ஏன்? அவன் உலகை வருத்திய கொடியோன். எழுத்தை நம்பி அறத்தை மறந்தவன். ஆனால் மேசையில் அமர்ந்திருப்பவன் இரணியனல்லன். 'என் இறந்த தங்கை மீண்டும் உயிர் பெறுக' எனத் தன் பாத்திரத்தின் வாயிலாக அவன் கேட்குங்கால், 'உயிர் பெற்றாள், ஆனால் பிணமாகவே நடப்பாள்' எனச் சொல்லிச் சிரிக்கும் நடுவர் நரசிங்கமல்லர். எழுத்தைப் பற்றி வளைக்கும் அதே குற்றத்தை மறுபக்கம் நின்று செய்பவர். பேராசை வரத்துக்கு விலை உண்டாகுக. அவ்விலை இத்தன்மைத்தாக இருக்கும் என்பதை, அவன் சொல்லை முடிக்கும் முன்னரே குறிப்பாலேனும் உணர்த்துக. எச்சரித்த பின் விளைவது கதை. எச்சரியாமல் விளைவது பொறி.

2015-இல் இவ்வாட்டத்தின் விதி வகுப்போருள் தலையாயவரான ஜெரமி கிராஃபோர்டு, உரை காணும் வழி மூன்று என வகுத்துரைத்தார்: எழுதியவாறு கொள்ளுதல், எழுதினோர் கருதியவாறு கொள்ளுதல், மேசையோர் மகிழுமாறு கொள்ளுதல். பகுப்பு நன்றே. இம்மூன்றனுள் மூன்றாவதை முதலாக்கி, 'மகிழ்ச்சியே விதி, பிற யாவும் வீண்' என்பார் இன்று மலிந்துள்ளனர். அவரோடு எமக்கு உடன்பாடில்லை. மகிழ்ச்சி யாருடையது என்பதே முதல் வினா. மேசையில் உரக்கப் பேசுபவனுடைய மகிழ்ச்சி எளிதில் 'எல்லோருடைய மகிழ்ச்சி' எனப் பெயர் பெற்றுவிடும். கூச்சமுடையவனுக்கும், ஆட்டத்துக்குப் புதியவனுக்கும், நடுவரோடு நெருங்கிய நட்பில்லாதவனுக்கும் உள்ள ஒரே அரண், எழுதப்பட்ட விதியே. அவன் நூலைத் திறந்து 'இதோ, என் கையுறைக்கு இவ்வாறு கூறியுளது' என விரல் வைத்துக் காட்டலாம். அவ்விரலுக்கு மதிப்பில்லாத மேசையில் செல்வாக்கு ஒன்றே விதியாகும். ஆதலின் முதலில் எழுத்து. எழுத்து ஐயுறவோ அபத்தமோ ஆயின் கருத்து. இரண்டும் வழிகாட்டாத இடத்தில் மேசையோர் அனைவரும் கூடித் தேரும் மகிழ்ச்சி. வரிசை இதுவே.

'இவ்வளவும் ஆராய்ந்துகொண்டிருப்பின் ஆட்டம் எப்போது நிகழும்?' என்பது எதிர்ப்பக்கத்தாரின் வினா. தக்க வினாவே. வாள் ஓங்கிய கை அந்தரத்தில் நிற்க, அரை மணி நேரம் நூல் புரட்டுவோரைக் கண்டு யாமும் வருந்துகின்றோம். அதற்கு வழி உண்டு. ஐயம் எழுந்த போழ்தே நடுவர் ஒரு தீர்ப்பைச் சுருங்கக் கூறி, காரணமும் ஒரு வாக்கியத்திற் கூறி, ஆட்டத்தை நடத்துக. மறுப்புடையோன் அதனைக் குறித்துக்கொண்டு, அன்றைய ஆட்டம் முடிந்த பின் எடுத்துரைக்க. ஆராய்ந்து மாற்ற வேண்டுமாயின், மாற்றம் அடுத்த நாள் முதல் செல்லுக. உருண்ட பகடையை மீட்டு உருட்ட வேண்டா. தீர்ப்பு, பகடை உருளுமுன் கூறப்படுதல் வேண்டும் என்பது இதனுள் அடங்கிய உயிர்நிலை. பகடையின் எண்ணைக் கண்ட பின் பிறக்கும் உரை, எத்துணை நுட்பமானதாயினும், உரையாகாது. அது விருப்பத்துக்குப் போர்த்திய போர்வை.

இன்னொரு சாரார், 'கற்பனைக்கு விதி விலங்கிடுதல் தகுமோ?' என்பர். நம் நூலோர் நூல் யாத்தற்கு உத்தி முப்பத்திரண்டு என வகுத்தனர். அதனாற் புலமை குன்றவில்லை. கரையுள்ள ஆறே ஓடும். கரையற்ற நீர் சேறாகும். அசையாக் கோல் எதையும் செய்யும் எனின், அதைக்கொண்டு செய்யும் எதுவும் வியப்பன்று. 8,000 இராத்தலே அது தாங்கும் என அறிந்த ஒருவன், இரண்டு கோல்களை மாறி மாறி அழுத்தி, ஏணியில்லாத பாழ்ங்கிணற்றினின்று தன் தோழரை ஒவ்வொருவராக மேலேற்றுங்கால் மேசையே ஆரவாரிக்கின்றது. அங்கே அவனுடைய அறிவும் விதியின் நேர்மையும் ஒருங்கே வென்றன.

ஆகவே அன்பர்காள், விதியைப் படிக்குங்கால் வழக்கறிஞராக அல்லாமல், உரையாசிரியராக அமர்மின். சொல்லை மதித்து, சொல்லினுள் கருத்தைத் தேடி, மௌனத்தைப் பண்டத்தின் இயல்பால் நிரப்பி, கண்ட உரையை நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒரே தராசில் நிறுத்து, நிறுத்ததை மாற்றாது காமின். மந்திர வாளும் மோதிரமும் ஆட்டம் முடிந்தவுடன் காகிதத்தில் எழுதிய பெயர்களாய் ஒழியும். 'இம்மேசையில் எனக்கு நேர்மை கிடைத்தது' என்னும் நினைவோ, ஆடினோர் நெஞ்சில் நெடுநாள் நிற்கும்.